மேருவும் விமானமும்
உலகக் கொள்கை கோயிலாக உருப்பெற்ற வரலாறு

நம் ஊர் ஜினாலயத்திற்கு முதன்முறையாக வருகின்ற பிற சமய நண்பர்கள் பெரும்பாலும் ஒரே வினாவை எழுப்புகின்றனர். "உங்கள் கோயிலும் சிவன் கோயிலைப் போலவே இருக்கின்றதே?" என்பதே அது. கோபுரம், பலிபீடம், மண்டபம், கருவறை, விமானம், கலசம் யாவும் அவர்கள் கண்டு பழகியவையே. நம் வீட்டுப் பிள்ளைகளும் இதே ஐயத்தை நம்மிடம் கேட்கின்றனர். "அக்காலத்தில் எல்லாக் கோயில்களையும் கட்டிய ஸ்தபதிகள் ஒரே மரபினர்" என்று விடை கூறி நாம் அமைந்துவிடுகிறோம். அவ்விடை பிழையன்று; ஆயினும் அது பாதி விடையே. ஒரே உளியால் செதுக்கப்பட்ட ஒரே வடிவம் இரு சமயத்தாருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை. அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், பண்டைய இந்தியர் உலகம் என்பதை எவ்வாறு எண்ணினர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோயில் என்பது அவர்களுக்கு வழிபாட்டிற்குரிய இடம் மட்டுமன்று. உலகம் முழுவதையும் ஒரு மனையில் சுருக்கிக் காட்டும் முயற்சியும் ஆகும்.

வேள்விக் களத்தில் தோன்றிய கணக்கு

இந்து சமயக் கோயில்கள் கல்லால் எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே, உலகத்தைக் கட்டடமாக அமைக்கும் எண்ணம் வைதிக வேள்விக் களத்தில் தோன்றிவிட்டது. செங்கற்களை அடுக்கி அமைக்கும் அக்கினிசயனம் என்னும் வேள்வி மேடை ஐந்து அடுக்குகளை உடையது. அதில் இடப்பெறும் ஒருவகைச் செங்கற்களின் எண்ணிக்கையைச் சதபத பிராமணம் 10,800 என்று குறிக்கிறது. இவ்வெண் தற்செயலாக அமைந்ததன்று. ஒரு நாளுக்கு 30 முகூர்த்தம். ஆண்டுக்கு 360 நாள். இரண்டையும் பெருக்கினால் 10,800. ஆகவே மேடையைக் கட்டி முடித்தவன் ஓர் ஆண்டையே கட்டி முடித்தவனாகக் கருதப்பட்டான். அம்மரபில் ஆண்டு என்பது படைப்புத் தலைவனான பிரஜாபதியின் உடல். சிதறிய அவ்வுடலை மீண்டும் ஒன்றுசேர்ப்பதே வேள்வி.

இம்மேடைகளை அளந்து அமைப்பதற்கு எழுந்த நூல்கள் சுல்ப சூத்திரங்கள். சுல்பம் என்றால் கயிறு. போதாயனர், ஆபஸ்தம்பர், காத்யாயனர் ஆகியோர் பெயரால் வழங்கும் இந்நூல்கள், கயிற்றையும் முளையையும் கொண்டு சதுரம் அமைப்பதையும், ஒரு வட்டத்திற்கு ஈடான பரப்புள்ள சதுரத்தை வரைவதையும் கற்பிக்கின்றன. வேள்விச் சாலையில் கார்கபத்தியத் தீ வட்ட மேடையிலும் ஆகவனீயத் தீ சதுர மேடையிலும் இடம்பெறும். முன்னது மண்ணுலகு, பின்னது விண்ணுலகு என்பது அவர்தம் கருத்து. வடிவம் வேறாயினும் பரப்பு ஒன்றாக இருத்தல் வேண்டும் என்ற நியதியிலிருந்தே வட்டத்தைச் சதுரமாக்கும் கணக்கு வளர்ந்தது. உலகத்தைப் பற்றிய ஒரு நம்பிக்கை வடிவக் கணிதத்தை வளர்த்தது என்பது இந்திய அறிவு வரலாற்றில் நினைவிற்கொள்ளத்தக்க செய்தியாகும்.

நிழல் காட்டிய திசை

மனையைத் தேர்ந்தபின் ஸ்தபதி செய்யும் முதற்பணி திசையை நிறுவுதல். இதற்குச் சங்கு எனப்படும் நிழற்குச்சி பயன்பட்டது. சமன் செய்த தரையில் குச்சியை நட்டு, அதனை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைவர். முற்பகலில் சுருங்கிவரும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளியும், பிற்பகலில் நீண்டுசெல்லும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் மற்றொரு புள்ளியும் இடுவர். இரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கைக் காட்டும். அவ்விரு புள்ளிகளையும் மையமாகக் கொண்டு வரையும் வளைவுகள் ஒன்றையொன்று வெட்டி மீன் வடிவாகும். அம்மீனின் தலையையும் வாலையும் இணைக்கும் கோடு வடக்கு தெற்கு. முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் இடையே கதிரவன் நகர்வதால் நிழலில் நேரும் சிறு பிழைக்கும் மயமதம் திருத்தம் கூறுகிறது. இவ்வாறு கதிரவனே வந்து கோயிலின் முதற்கோட்டை வரைந்து தருகிறான் எனலாம்.

கட்டங்களில் அடங்கிய அண்டம்

திசை கண்ட மனையைச் சிறு சதுரங்களாகப் பகுப்பது அடுத்த பணி. இப்பகுப்பே வாஸ்து புருஷ மண்டலம். ஒரே கட்டமுள்ள சகலம் முதல் 1,024 கட்டமுள்ள இந்திரகாந்தம் வரை 32 வகை மண்டலங்களை மயமதம் கூறுகிறது. அவற்றுள் 64 கட்டமுள்ள மண்டூகமும் 81 கட்டமுள்ள பரமசாயிகமும் பெரிதும் போற்றப்பட்டவை. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில், கோயிலுக்குரிய மனை 64 கட்டங்களாகப் பகுக்கப்பட வேண்டும் என்கிறார்.

இம்மண்டலத்திற்கு ஒரு புராணக் கதையும் உண்டு. மண்ணையும் விண்ணையும் மறைத்து எழுந்த ஒரு பேருருவைத் தேவர்கள் பிடித்துக் குப்புறக் கிடத்தினர். எந்த உறுப்பை எந்தத் தேவன் அழுத்திப் பிடித்தானோ அந்த உறுப்பில் அத்தேவன் நிலைத்தான். அவ்வுருவின் தலை வடகிழக்கில் உள்ளது. தேவர்கள் மொத்தம் 45 பேர். அவருள் 32 பேர் வெளிச்சுற்றில் அமைய, 13 பேர் உட்புறத்தில் அமைவர். 81 கட்ட மண்டலத்தில் நடுவிலுள்ள ஒன்பது கட்டங்களும், 64 கட்ட மண்டலத்தில் நடுவிலுள்ள நான்கு கட்டங்களும் பிரமனுக்கு உரியவை. கிழக்கில் இந்திரனும், தெற்கில் யமனும், மேற்கில் வருணனும், வடக்கில் சோமனும் காவல் நிற்பர்.

ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கொண்ட சதுரத்தின் வெளி ஓரத்தில் எத்தனைக் கட்டங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால் 32 என்று விடை வரும். இந்த 32ஐ 28 நட்சத்திரங்களும் நான்கு திசைகளும் சேர்ந்த தொகையாக, 1946இல் வெளிவந்த தம் பெருநூலில் ஸ்டெல்லா க்ராம்ரிஷ் விளக்கினார். அவ்விளக்கத்தின்படி, மண்டலத்தின் ஓரம் என்பது சந்திரன் ஆண்டு முழுதும் சுற்றிவரும் பாதை. நடுவிடம் அசைவற்ற பிரமத்தின் இருப்பிடம். கோயிலை வலம்வரும் அடியவன் கதிரவனும் சந்திரனும் செல்லும் வழியையே தன் கால்களால் பின்பற்றுகிறான்.

வரவும் செலவும் பார்க்கும் அளவு

திசையும் கட்டமும் மட்டுமன்றி, கட்டடத்தின் நீள அகலங்களும் விண்ணோடு பொருந்த வேண்டும் என்பது சிற்ப நூலாரின் கொள்கை. இதற்கு ஆயாதிக் கணக்கு என்று பெயர். நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டு. மானசாரத்தின் முறையில் அளவை 8ஆல் பெருக்கி 12ஆல் வகுத்து வரும் மீதி ஆயம், அதாவது வரவு. 9ஆல் பெருக்கி 10ஆல் வகுத்து வரும் மீதி வியயம், அதாவது செலவு. 8ஆல் பெருக்கி 27ஆல் வகுத்து வரும் மீதி நட்சத்திரம். 3ஆல் பெருக்கி 8ஆல் வகுத்து வரும் மீதி யோனி. யோனி எட்டனுள் ஒற்றைப்படையாகிய கொடி, சிங்கம், காளை, யானை ஆகிய நான்கும் நன்மை தருவன என்பர். வாரத்திற்கும் திதிக்கும் இவ்வாறே தனிக் கணக்குகள் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். ஒரு சதுரக் கட்டடத்தின் பக்கம் 35 முழம் என்று கொள்வோம். 35ஐ 3ஆல் பெருக்க 105. அதனை 8ஆல் வகுக்க மீதி 1. எனவே யோனி கொடி, நன்று. ஆனால் வரவைக் கணக்கிட்டால் 280ஐ 12ஆல் வகுத்த மீதி 4. செலவைக் கணக்கிட்டால் 315ஐ 10ஆல் வகுத்த மீதி 5. வரவினும் செலவு மிகுகின்றது. ஆகவே இவ்வளவு ஆகாது. பக்கத்தை 37 முழமாக்கினால் யோனி 7, யானை. வரவு 8, செலவு 3. நட்சத்திரம் 26ஆவதாகிய உத்திரட்டாதி. ஸ்தபதி இதனை ஏற்பார். வெறும் மூடநம்பிக்கை என்று இதனை ஒதுக்குவாரும் உளர். ஆயினும், கையில் கிடைத்த அளவில் கட்டிவிடாமல், ஒவ்வோர் அளவையும் நிறுத்திப் பார்த்து உறுதி செய்யும் ஒழுங்கை இக்கணக்கு கட்டடக் கலைஞரிடம் வளர்த்தது என்பதை மறுத்தற்கில்லை.

மலையாகவும் உடலாகவும் எழுந்த விமானம்

தரையில் சதுரமாகக் கிடந்த உலகம் மேலெழும்போது மலையாகிறது. வராகமிகிரர் 20 வகைக் கோயில்களை எண்ணுகிறார். அவற்றுள் முதலாவதற்கு மேரு என்றே பெயர். அது ஆறு பக்கமும் பன்னிரண்டு நிலையும் கொண்டது. அடுத்து வருவன மந்தரம், கைலாசம். கோயிலுக்கு மலையின் பெயரை இடுதல் இவ்வாறு நூல் வழக்காகவே நிலைபெற்றது. கோயிலின் உயரம் அகலத்தைப்போல் இருமடங்காகவும், கருவறை அகலத்தில் பாதியாகவும் இருத்தல் வேண்டும் என்றும் அவர் விதிக்கிறார்.

தஞ்சையில் முதலாம் இராசராசன் எழுப்பிய இராசராசேச்சரத்தில் திருவுலாத் திருமேனி ஒன்று தட்சிணமேரு விடங்கர் என்று கல்வெட்டில் குறிக்கப்படுகிறது. வடக்கே உள்ள மேருவுக்கு ஈடாகத் தெற்கே எழுந்த மேரு என்பது இப்பெயரின் கருத்து. 13 நிலைகளுடன் ஏறத்தாழ 60 மீட்டர் உயர்ந்து நிற்கும் அவ்விமானத்தின் உச்சிக்குரிய கலசத்தை, தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் மன்னன் அளித்தான் என்று கல்வெட்டு கூறுகிறது. அது கி.பி. 1010. கஜுராஹோவில் ஏறத்தாழ 1030இல் எழுந்த கந்தரிய மகாதேவர் கோயிலில் ஒரு பெருஞ்சிகரத்தைச் சுற்றி 84 சிறு சிகரங்கள் ஏறி நிற்கின்றன. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது ஒரு மலைத்தொடராகவே தோன்றும். எல்லோராவில் 8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் ஒரு மலையையே குடைந்து கைலாசநாதர் கோயிலை வடித்தனர். கடல் கடந்து கம்போடியாவில் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அங்கோர் வாட்டில் ஐந்து கோபுரங்கள் மேருவின் சிகரங்களாகவும், சூழ்ந்த அகழி கடலாகவும் அமைந்தன.

மலையாகிய கோயில் உடலாகவும் எண்ணப்பட்டது. தென்னாட்டு விமானத்தின் ஆறு அங்கங்கள் அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், தூபி எனப்படும். பாதம், கண்டம், சிகரம் என்பவை மனித உடலின் கால், கழுத்து, தலை ஆகியவற்றின் பெயர்களே. உள்ளே இருள் சூழ்ந்த சிறு அறை கருவறை எனப்பட்டது, அது கருப்பை. அங்கு நிலவும் ஒன்று வெளியே பன்னிலைகளாகவும் பல்லுருவங்களாகவும் விரிந்து, மீண்டும் உச்சியில் ஒரே கலசமாகக் குவிகின்றது. ஒன்றிலிருந்து பல தோன்றிப் பின் ஒன்றில் ஒடுங்கும் படைப்புக் கொள்கையே விமானத்தின் வடிவம் என்று இந்து சமயத்தார் கொள்வது இதனாலேயே.

கொள்கைக்கும் கல்லுக்கும் இடையே

இவ்விடத்தில் வரலாறு கற்பார் ஒரு கருத்தை மனங்கொள்ள வேண்டும். உலகக் கொள்கை ஒன்றே கோயிலின் ஒவ்வொரு கல்லையும் வைத்தது என்று கூறிவிட முடியாது. மாமல்லபுரத்தில் ஒற்றைக்கல் கோயில்கள் 7ஆம் நூற்றாண்டிலேயே வடிக்கப்பட்டுவிட்டன. மயமதம் இன்றுள்ள வடிவைப் பெற்றது அதற்குப் பிற்பட்ட காலத்தில் என்பர் ஆய்வாளர். ஸ்தபதிகளின் கைப்பழக்கம் முன்னே சென்றது. நூல் அதனைத் தொகுத்து விதியாக்கியது. பின் வந்தோர் அவ்விதியைப் பின்பற்றினர்.

மேருவின் வடிவமே இதற்குத் தக்க சான்று. விஷ்ணு புராணம் கூறும் மேரு நிலத்தின்மேல் 84,000 யோசனை உயரமும் நிலத்துள் 16,000 யோசனை ஆழமும் உடையது. அதன் அடி அகலம் 16,000. உச்சி அகலமோ 32,000. தாமரைப் பொகுட்டைப்போல மேலே செல்லச்செல்ல அது விரிகின்றது. அவ்வடிவில் கல்லை அடுக்கி ஒரு கோபுரத்தை எழுப்ப யாராலும் இயலாது. கல்லின்மேல் கல்லைச் சிறிது சிறிதாக உள்வாங்கி அடுக்குவதே அன்றைய உத்தி. அதனால் விமானம் மேலே செல்லச்செல்லக் குறுகியே தீரும். ஆகவே கோயில் என்பது மேருவை அளந்து செய்த மாதிரி அன்று; மேருவை நினைவூட்டும் அடையாளம். கல்லின் இயல்பு வடிவத்தைத் தந்தது. உலகக் கொள்கை அவ்வடிவத்திற்குப் பொருளைத் தந்தது. இவ்வுண்மையை உணர்ந்தால், நம் முன்னோர் அதே வடிவத்திற்கு வேறொரு பொருளைத் தந்தது எவ்வாறு என்பதும் தெளிவாகும்.

தமிழ் மண்ணில் எழுதப்பட்ட உலக நூல்

உலகத்தின் அமைப்பை அளந்து கூறுவதில் சமணர் காட்டிய ஊக்கம் பெரிது. யதிவிருஷபரின் திலோயபண்ணத்தியும், நேமிசந்திரரின் திரிலோகசாரமும் இத்துறையின் பெருநூல்கள். இவ்வரிசையில் வைக்கத்தக்க லோகவிபாகம் என்னும் நூல் தமிழ் மண்ணோடு தொடர்புடையது என்பதை நம்மில் பலர் அறியார். சர்வநந்தி என்னும் முனிவர் இதனைப் பாடலிகம் என்னும் ஊரில் சகம் 380இல், அதாவது கி.பி. 458இல், நிறைவு செய்தார். அது காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு. பாடலிகம் இன்றைய கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர் என்பர். மூலநூல் பிராகிருதத்தில் இருந்தது. சிம்மசூரி செய்த வடமொழி வடிவமே இன்று நமக்குக் கிடைக்கிறது. இந்திய மண்ணில் எண்களை இடமதிப்பு முறையில் கையாண்ட மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுகின்றனர். தஞ்சை விமானம் எழுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, உலகத்தை அளக்கும் ஒரு நூல் கெடிலக்கரையில் உருவாயிற்று.

இம்மரபு கூறும் உலகம், கால்களை அகற்றி, கைகளை இடுப்பில் ஊன்றி நிற்கும் ஒரு மனிதனின் வடிவம். அதன் உயரம் 14 ரஜ்ஜு. அகலம் அடியில் 7, இடையில் 1, பிரம்மலோகத்தில் 5, உச்சியில் மீண்டும் 1 ரஜ்ஜு. ஆழம் எங்கும் 7. கீழ்ப்பாதியின் கன அளவு 196, மேற்பாதியின் கன அளவு 147. இரண்டும் சேர 343 ஆகும். இது ஏழு, ஏழு, ஏழு என்பவற்றின் பெருக்கம். நம் பிள்ளைகள் பள்ளியில் கற்ற கணக்கைக் கொண்டே இதனைச் சரிபார்த்துவிடலாம்.

வாஸ்து புருஷனும் லோக புருஷனும் இருவரும் மனித வடிவினரே. ஆயினும் வேறுபாடு பெரிது. முன்னவன் தேவர்களால் குப்புறக் கிடத்தப்பட்டவன். பின்னவன் நிமிர்ந்து நிற்பவன். முன்னவனை அடக்கிய நிகழ்ச்சிக்கு ஒரு தொடக்கம் உண்டு. பின்னவனுக்குத் தொடக்கமும் இல்லை, படைத்தவனும் இல்லை. இந்து மண்டலத்தின் நடுவில் படைப்போன் வீற்றிருக்கிறான். சமண உலகத்தின் உச்சியில், வினை நீங்கிய உயிர்கள் உறையும் சித்தசிலை உள்ளது. அங்கிருந்து இங்கு இறங்கி வருவார் எவருமிலர்; இங்கிருந்து அங்கு ஏறிச் செல்வாரே உளர்.

மேருவும் அவ்வாறே வேறுபடுகின்றது. நம் நூல்கள் கூறும் மேரு மொத்தம் 1,00,000 யோசனை. நிலத்துள் 1,000, நிலத்தின்மேல் 99,000. நிலமட்டத்தில் அகலம் 10,000, உச்சியில் 1,000. அடியில் பத்திரசால வனம். 500 யோசனை மேலே நந்தன வனம். அதற்கு 62,500 யோசனை மேலே சௌமனச வனம். அதற்கு 36,000 யோசனை மேலே பாண்டுக வனம். மேலே செல்லச்செல்லக் குறுகி, நிலைநிலையாக எழும் இம்மலை, நாம் கண்டுவரும் விமானத்தோடு எளிதில் ஒத்துப்போகிறது. அதனால் விமானம் நம்மிடமிருந்து பிறந்தது என்று உரிமை கொண்டாடுதல் பொருந்தாது. கல்லின் இயல்பே அதற்குக் காரணம் என்பதை மேலே கண்டோம். எனினும், விமானத்தை மேருவாகக் காணும் நம் முன்னோருக்கு அது இரவல் கருத்தாக இருக்கவில்லை என்பது உறுதி. இந்து மேரு தேவர்களின் உறைவிடம். நம் மேரு, தீர்த்தங்கரர் பிறந்தவுடன் சௌதர்மேந்திரன் அவரை ஏந்திச் சென்று பாண்டுகசிலையில் திருமஞ்சனம் ஆட்டும் இடம். பஞ்சகல்யாண விழாவில் ஜன்மாபிஷேகம் செய்யும்போது நாம் நிற்பது அம்மலையுச்சியில்தான்.

கோயிலா, கேட்போர் அவையா?

சமணர் தம் கோயிலுக்கு அளித்த தனிப்பொருள் சமவசரணம். கேவலஞானம் எய்திய தீர்த்தங்கரர் அறமுரைப்பதற்காக இந்திரன் ஆணையால் குபேரன் அமைத்த வட்ட மண்டபம் அது. நாற்றிசையிலும் மானஸ்தம்பம் நிற்கும். அகழி, பூங்கொடி வனம், சோலை, கொடிகள், கற்பகத் தருக்கள் எனப் பல நிலங்களைக் கடந்து உட்சென்றால் பன்னிரு அவைகள் காணப்படும். முனிவர், ஆர்யிகையரும் மகளிரும், நால்வகைத் தேவர், அவர்தம் தேவியர், மானிடர், விலங்குகள் என ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். நடுவே மூன்றடுக்குப் பீடத்தின்மேல் கந்தகுடி. கிழக்கு நோக்கி அமர்ந்த பகவான் நான்கு திசையினருக்கும் தம்மை நோக்கியவராகவே தோன்றுவார்.

இந்து கோயிலின் நடு ஒரு கருப்பை. சமவசரணத்தின் நடு ஓர் அறமேடை. முன்னது படைப்பைக் குறிக்கிறது; பின்னது கேட்டு உணர்தலைக் குறிக்கிறது. வாமன முனிவர் தம் மேருமந்தர புராணத்தில் சமவசரணத்தைத் தனிச் சருக்கமாகவே பாடியுள்ளார்.

இக்கருத்து கல்லிலும் வண்ணத்திலும் நாடெங்கும் பதிந்துள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே மதுராவில் நாற்புறமும் ஜினர் நிற்கும் சர்வதோபத்திர உருவங்கள் செதுக்கப்பட்டன. எல்லோராவில் கைலாசநாதரைப் பின்பற்றிச் சமணர் சிறியதொரு கோயிலைக் குடைந்தனர். இன்றும் அது சோட்டா கைலாஸ் எனப்படுகிறது. ஆனால் அதனை அடுத்த இந்திரசபைக் குடைவரையின் முற்றத்தில் ஒற்றைக்கல் தூணையும், நாற்றிசை நோக்கும் ஜினரையும் அமைத்துத் தம் கொள்கையை நிலைநாட்டினர். ராஜஸ்தானத்தில் 1439இல் எழுந்த ராணக்பூர் நான்முகக் கோயில் சமவசரணத்தின் பெருவடிவமே. எட்டாவது தீவாகிய நந்தீஸ்வரத்தில் திசைக்குப் பதின்மூன்றாக உள்ள 52 ஜினாலயங்களின் நினைவாக, மேற்கிந்தியாவில் 52 சிற்றாலயங்கள் சூழ்ந்த கோயில்கள் எழுந்தன. ஆடி, கார்த்திகை, பங்குனி மாதங்களில் எட்டு நாள் நந்தீஸ்வர வழிபாடு நிகழ்த்தும் நமக்கு இவ்வெண் புதிதன்று. நம் கோயில்களில் உள்ள நந்தீஸ்வர, பஞ்சமேருச் செப்புத் திருமேனிகள் கையளவு உலகங்களே.

தமிழகத்திற்கு வருவோம். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட தாமரைப் பொய்கையை வெறும் இயற்கைக் காட்சி என்றே பலர் எண்ணுகின்றனர். அது சமவசரணத்தின் காதிகா பூமி என்றும், மலர் கொய்வோர் பவ்வியர் என்றும் ஆய்வாளர் விளக்குவர். அதன் கீழ் நிற்பவர் அறமுரைக்கும் அவைக்குள் நுழைந்துவிட்டார் என்பதே ஓவியன் கூறும் செய்தி. இராசராசனின் தமக்கை பெயரால் குந்தவை ஜினாலயம் விளங்கும் திருமலையில் சமவசரணம் வட்ட வடிவில் தீட்டப்பட்டுள்ளது. திருப்பருத்திக்குன்றத்தில், புஷ்பசேன முனிவரின் விருப்பத்திற்கிணங்க விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் சங்கீத மண்டபத்தைக் கட்டினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளோடு சமவசரணமும் இடம்பெற்றுள்ளது. அங்கு எழுந்தருளியுள்ள வர்த்தமானரின் திருப்பெயர் திரைலோக்கியநாதர், மூவுலக நாதர். வெளியே நின்று நோக்கினால் அது தென்னாட்டுக் கோயில். உள்ளே நின்று மேலே நோக்கினால் அது சமவசரணம்.

மானசாரத்தில் சமணத் திருவுருவங்களுக்கெனத் தனி இயல் இருப்பதும் இங்குக் கருதத்தக்கது. கட்டடக் கலை இந்நாட்டின் பொதுச்சொத்து. ஒரே மொழியில் சைவரும் வைணவரும் சமணரும் தத்தம் காப்பியங்களைப் பாடியது போல, ஒரே கட்டட மரபில் ஒவ்வொருவரும் தத்தம் உலகத்தைக் கட்டினர். சிந்தாமணியைப் படிப்பவர் அது தமிழில் உள்ளது என்பதால் பிறருடையது என்று கூறுவரோ?

நம் கையில் உள்ள பொறுப்பு

இன்று ஊர்தோறும் திருப்பணிகள் நடைபெறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வடிவத்தின் பொருளை அறியாமல் செய்யும் திருப்பணி அப்பொருளை அழித்துவிடக்கூடும். விதான ஓவியத்தின்மேல் ஒருமுறை சுண்ணாம்பு பூசினால் ஒரு சமவசரணம் மறைகிறது. அதிட்டானத்தின் கீழ்வரிகள் புதையும்படி தளத்தை உயர்த்திப் பளிங்குக்கல் பதித்தால் ஆறு அங்கங்களுள் ஒன்று குறைகிறது. அதில் பொறித்த கல்வெட்டும் மண்ணுக்குள் போகிறது. இடவசதி கருதி மானஸ்தம்பத்தைப் பெயர்த்து மூலையில் நட்டால் நாற்றிசை என்னும் கருத்தே சிதைகிறது. இவை தீய எண்ணத்தால் நேர்வன அல்ல. பக்தியால், ஆனால் அறியாமையால் நேர்வன. அதனாலேயே இவற்றைத் தடுப்பதும் எளிது.

திருப்பணி தொடங்குமுன் கோயிலின் நீளம், அகலம், உயரம், திசை ஆகியவற்றை அளந்து எழுதி வைத்தல் வேண்டும். சுவர், விதானம், கல்வெட்டு யாவற்றையும் படமெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். பழைய ஓவியத்தின்மேல் கை வைக்குமுன் தொல்லியல் அறிந்தோரைக் கலந்து கொள்ளுதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஊருக்கு இரண்டு மூன்று இளைஞர்கள் முன்வந்தால் ஒரு விடுமுறைக் காலத்தில் முடிந்துவிடும்.

எல்லாவற்றிலும் எளியது ஒன்றுண்டு. அடுத்த முறை கோயிலுக்குச் செல்லும்போது பிள்ளைகளை மானஸ்தம்பத்தின் அருகே நிறுத்தி, "இங்கே நம் ஆணவத்தை விட்டுவிட வேண்டும்; இதற்கு அப்பால் அறவுரை கேட்கும் அவை" என்று கூறுவோம். மண்டபத்தில் அமரும்போது, பன்னிரு அவைகளுள் மானிடருக்குரிய அவையில் அமர்ந்திருக்கிறோம் என்று உணர்த்துவோம். விமானத்தைக் காட்டி மேருவின் நான்கு வனங்களை எண்ணச் சொல்வோம். "நம் கோயில் ஏன் அவர்கள் கோயிலைப் போல் இருக்கிறது?" என்று கேட்டவருக்கு அப்பிள்ளைகளே விடை கூறுவர்: "கட்டிய கை ஒன்று, அதனால் ஒப்புமை உண்டு. நினைத்த உலகம் வேறு; உள்ளே வந்து பாருங்கள்."